பகலில் வீட்டில் இருப்பவர்

சிலிண்டரைச் சாய்த்து, அடிவளையத்தின் மேலேயே உருட்டி உருட்டி, சமையல்காரி அதை வாசற்படி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். படியில் 'டங்' என்று இடித்து நின்றது. ஒரு கை அதன் கழுத்து வளையத்தில். ஒரு முழங்கால் அதன் இடுப்பில். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே உந்து. முழுச் சிலிண்டர். மழைச் சேற்றில் பொத்தென்று இறங்கி, அரைச் சுற்றுச் சுற்றி, துணி துவைக்கிற கல்லில் முட்டிச் சாய்ந்தது.

"ஐயையோ! வெடிக்கப் போகுது, எல்லாரும் வெளிய வாங்க!"

மூன்றாவது அறை ஜன்னலிலிருந்து வந்தது அந்தக் குரல். ஏழு அறைகள் ஒட்டி ஒட்டி நிற்கும் அந்த வரிசை வீட்டில் எங்கே எது நடந்தாலும் முதல் செய்தி அந்த ஜன்னலிலிருந்துதான் கிளம்பும். அதனால் அவளுக்கு வானொலி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

"வாயை மூடுடி. இங்க யாரு கொள்ளி வெச்சா, வெடிக்கறதுக்கு?"

"ஒன்பது மணிக்கு உள்ள போன சிலிண்டரு, பதினோரு மணிக்கு வெளிய கிடக்குது. உன் வீட்டுக்குப் பிடிக்காத விருந்தாளி வந்தாக்கூட ஒரு காப்பி குடிக்கற வரைக்கும் விடுவியே!"

சமையல்காரி சிலிண்டரை நிமிர்த்தி, சுவரோரமாகத் தள்ளி, அதன் தலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தாள். மணி பதினொன்றே கால்.

நான்கு மணிக்கு நர்ஸ் வருகிறார்.

அவர் வந்து பார்க்கப்போவது ஒரே விஷயம்: இந்த அறையில் இனிப் புகை உண்டா, இல்லையா. இல்லை என்று தாளில் எழுதினால், பதினொரு நாளாக ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கும் ஐந்து மாதக் குழந்தை நாளைக் காலையில் வீட்டுக்கு வரும். உண்டு என்று எழுதினால் வராது. குழந்தைகள் வார்டு டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இன்னொரு தடவை அந்தப் புகை இந்த நெஞ்சுக்குள்ள போச்சுன்னா, அப்புறம் என்கிட்ட தூக்கிட்டு வர்ற வேலையே உங்களுக்கு இருக்காது" என்று நேராகவே சொல்லியிருந்தார்.

குழந்தை சமையல்காரியின் தம்பி மகள். தம்பிக்கு மர அறுவை மில்லில் வேலை. அவன் மனைவி துணிக் கம்பெனியில் தையல்காரி. பெரியவர்கள் மூன்று பேர், ஒரு குழந்தை, ஒரே அறை. அந்த அறைதான் சமையல்காரியின் பட்டறையும். துணிக் கம்பெனிக்குத் தினமும் இருபத்திரண்டு கேரியர் சாப்பாடு அங்கிருந்துதான் போனது. சோறு, பருப்பு, குழம்பு, ஒரு காய். பதினாறு வருஷமாக மரத்தூள் அடுப்பிலேயே.

மரத்தூள் அடுப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய பெயின்ட் டின். பக்கவாட்டில், அடியில் ஒரு ஓட்டை. டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, கட்டையால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். ஓட்டை வழியாகவும் ஒரு குச்சியைச் செருகி வழி விட வேண்டும். பிறகு பாட்டிலைத் திருகித் திருகி உருவினால் நடுவில் ஒரு கிணறு மாதிரி நிற்கும். கீழே தீ வைத்தால் மூன்று மணி நேரம் ஊதாமல் எரியும். இடித்தது தளர்ந்தால் நடுவில் சரிந்து அணையும். அதிகமாக இறுகினால் எரியாமல் புகையும். அந்தப் பதம் சமையல்காரியின் உள்ளங்கைக்குத் தெரியும். தூள் மில்லில் சும்மாவே கிடைத்தது. தம்பி வேலை முடிந்து வரும்போது சைக்கிளில் ஒரு மூட்டை வரும்.

கேஸ் வாங்க ஆசைப்படாமலா இருந்தார்கள்? ஏழு அறைக்கும் சேர்த்துக் கதவு எண் ஒன்றே ஒன்று. ஒரு எண்ணுக்கு ஒரு இணைப்பு. அந்த ஒன்று வீட்டுக்காரர் பெயரில், வீட்டுக்காரர் சமையலறையில். காகிதத்தில் ஏழு குடும்பமும் அவர் அடுப்பில்தான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கரண்ட் அடுப்பு வைத்தால் வரிசை மொத்தத்துக்கும் பியூஸ் போகும். ஒரு தடவை போயிற்று. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாக வந்து பிளக் பாயின்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு தையல்காரி பத்து நாளில் ஏழு தடவை கேஸ் ஆபீஸுக்கு நடந்தாள். "ஒரே எண்ணுல ரெண்டாவது இணைப்பா? சட்டத்துல இடமில்லம்மா" என்றவர்களிடம், "அப்ப எம்பிள்ளைக்குச் சட்டத்துல எங்க இடம்னு எழுதிக் குடுங்க, நான் டாக்டர்கிட்ட காட்டறேன்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் யாரோ ஒரு அதிகாரி, அறை எண் ஐந்து என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்படி வந்த சிலிண்டர்தான் இப்போது தலையில் வாளியோடு மழையில் நின்றது.

மில்காரன் சைக்கிளை உதைத்து நிறுத்தியபோது மணி பதினொன்று நாற்பது. பால் பாட்டில், கொசுவலை, புது ஸ்பாஞ்ச் படுக்கை என்று சைக்கிள் முழுக்கக் குழந்தைச் சாமான். வாளியைப் பார்த்தான். வாளிக்குக் கீழே பார்த்தான்.

"அக்கா!"

தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே அவள் அடுப்பை வெளியே கொண்டுவந்துவிட்டாள். மழை தார்ப்பாயின் ஓட்டைகளைத் தேடித் தேடி ஒழுகியது. ஈரத் தூள் சீறியது. முகமெல்லாம் கரி, கண் இரண்டும் சிவப்பு.

"என்னடா?"

"இதை யாரு வெளிய வெச்சா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"பயமா இருக்கு. பேப்பர்ல தினம் போடறான், சிலிண்டர் வெடிச்சுச்சுன்னு."

"நீயா பயப்படற? போன வருஷம் அடுப்புத் தீ தூள் மூட்டையில பத்திக்கிட்டப்ப வெறுங்கையால அமுக்கினவ நீ!"

"அது தெரிஞ்ச தீ."

மில்காரன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு சிரித்தான். எரிச்சலில் சிரிக்கிற குடும்பம் அது. "அக்கா, காலையில சிலிண்டர் போட வந்தவரு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. நீ அப்பக் காய் வாங்கப் போயிட்ட. வேலை முடிஞ்சா ரெகுலேட்டரை மூடணும். அவ்வளவுதான். ட்யூப் கசிஞ்சாக்கூட உடனே நாத்தம் வந்துடுமாம். சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சுடும்னு சொன்னாரு."

கரண்டி குழம்புக்குள் நின்றது.

"வரலன்னா?"

"வராம எப்படிப் போகும்? அதுக்குன்னே ஒரு மருந்தைக் கலக்கறாங்களாம், ஊரே ஓடற மாதிரி."

"சரி. நீ தள்ளு, தூறல் குழம்புல விழுது."

அவன் சிலிண்டரை உள்ளே உருட்டினான். ரெகுலேட்டரை மாட்டினான். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினான். நீலமாக, வட்டமாக, சத்தமில்லாமல் எரிந்தது. "பாரு, பாரு! தூங்கற பிள்ளைகூட முழிக்காது" என்று தானே கைதட்டிக்கொண்டான். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கேரியர்காரன் வந்தான். மூன்று சக்கரத் தள்ளுவண்டி, மேலே ரெயின்கோட்டு. வண்டிக்கு. அவன் நனைந்துகொண்டு வந்தான்.

"சமையலக்கா, வீட்டுக்குள்ள கேஸாமே? இனிமே சோத்துல கரித்துண்டு இருக்காதா? எங்க ஆளுங்க அதை மிளகுன்னு நெனச்சுத்தான் சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"உன் வாய்ல ஒரு கரித்துண்டு வைக்கறேன். தூக்கு."

"கோவிச்சுக்காத. போன வாரம் பருப்பு ஊசிப்போய் வந்துச்சுன்னு மேஸ்திரி ஒரு மாதிரி பேசினாரு. நான்தான் சமாளிச்சேன். வெயில்ல வண்டி நின்னுச்சுன்னு என்மேல போட்டுக்கிட்டேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற எடம் பாப்போம்னு சொல்லிட்டாரு. கவனம் எங்க வெச்சிருந்த?"

"பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கும்போது கவனம் வேற எங்க இருக்கும்?"

அவன் தலையாட்டினான். நியாயமான பதில். இருபத்திரண்டு கேரியரையும் எண்ணி அடுக்கிக்கொண்டு தள்ளினான்.

மில்காரன் தார்ப்பாய்க்குக் கயிறு வாங்கக் கடைக்குப் போனான். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது சிலிண்டர் மறுபடியும் வெளியே. மறுபடியும் வாளி.

இந்தத் தடவை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்?"

"கேஸ்ல வெச்ச சோறு ஆளுங்களுக்குப் பிடிக்காது. அடுப்புச் சோத்துக்குத்தான் இத்தனை வருஷமா வாங்கறாங்க."

"காலையில பயம்னு சொன்ன."

"அதுவும்தான்."

"அக்கா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. என்ன விஷயம்?"

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள்.

"உள்ள வெச்சா எனக்கு மூச்சு முட்டும். வெளிய ஒரு கூண்டு கட்டி வெச்சுக்கலாம். பூட்டு போட்டுக்கலாம். ட்யூபை நீளமா..."

"வெளிய வைக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் எழுதியே வாங்கிட்டாரு. தெரியாதா உனக்கு? வெளியன்னா நர்ஸம்மாவும் ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப நான் போயிடறேன். வேற அறை பாத்துக்கறேன். நீங்க மூணு பேரும் இருங்க, கேஸ் வெச்சுக்கங்க."

"திங்கக்கிழமை அவ வேலைக்குப் போகணும். போகலன்னா அந்த மெஷின்ல வேற ஆளை உக்கார வெச்சுடுவாங்க. நீ போயிட்டா பிள்ளையை யாரு பாத்துக்குவா? வானொலியா?"

"நான் ரெடி!" என்றது மூன்றாவது ஜன்னல்.

ஒன்றரை மணிக்குத் தையல்காரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். இரண்டு பஸ், ஒரு மைல் நடை. கையில் குழந்தையின் அழுக்குத் துணி மூட்டை. காலையில் முதல் தடவையாகக் குழாயைக் கழற்றினார்கள், குழந்தை தானாக மூச்சு விட்டது, அவள் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று சொல்வதற்காக ஓட்டமும் நடையுமாக வந்தவள், வாளியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

மூட்டையைக் கீழே வைத்தாள்.

"யாரு?"

ஏழு அறைக் கதவிலும் ஆள் நின்றது.

"அண்ணி, நீங்களா?"

"ஆமாம்மா."

"ஏழு தடவை நடந்தேன் அண்ணி. செருப்பு அறுந்து, வெறுங்காலோட நடந்தேன்."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன்?"

சமையல்காரி வாயைத் திறந்தாள். பயம், ருசி, மூச்சுமுட்டல் என்று மூன்று காரணமும் அன்றைக்கே செலவாகிவிட்டன. நான்காவது கிடைக்கவில்லை.

"சரி, இதுக்குப் பதில் வேண்டாம்" என்றாள் தையல்காரி. அவள் சத்தம் போடவில்லை. அதுதான் மில்காரனுக்குப் பயமாக இருந்தது. "பதினோரு நாளா ஒண்ணு கேக்கறேன். அதுக்குப் பதில் சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அன்றைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

மழையால் மில் மூன்று நாள் மூடிக் கிடந்தது. வீட்டில் தூள் தீர்ந்துவிட்டது. மில்காரன் மேஜை நாற்காலி செய்கிற ஒரு பட்டறைக்குப் போய், அங்கே கிடந்த தூளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் அது மரத்தூள் இல்லை. பசை போட்டு அழுத்திச் செய்த பலகையை அறுத்த தூள். மறுநாள் அதை இடித்துப் பற்றவைத்தபோது மழைக்காகக் கதவு சாத்தியிருந்தது. தொட்டில் அடுப்பிலிருந்து எட்டடி.

"ஷிப்ட் முடிஞ்சு தெரு முனையில திரும்பறேன். அங்கயே குமட்டுது. பிளாஸ்டிக்கும் மயிரும் சேர்த்துக் கொளுத்தின மாதிரி. யார் வீட்டுல இப்படின்னு நெனச்சுக்கிட்டே வர்றேன். வந்தா எங்க வீடு. கதவைத் தள்ளினா கண்ணைத் திறக்க முடியல. உள்ள..." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "உள்ள உக்காந்து நிதானமா வெங்காயம் நறுக்கிட்டு இருக்கீங்க. பக்கத்துல எம்பிள்ளை நீலம் பாரிச்சுக் கெடக்குது. என்னைப் பாத்து 'என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட?'னு கேட்டீங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டீங்க!"

"கண்ணு எரிஞ்சது வெங்காயத்தாலன்னு நெனச்சேன், வேலை மும்முரத்துல கவனிக்கலன்னு அன்னைக்கே சொன்னேனே..."

"எது? அந்த நாத்தத்தையா? தெருவுல போற நாயெல்லாம் ஓடுச்சு அண்ணி. ஒரு மனுஷியால அதுக்குள்ள அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது. நீங்க மூணு மணி நேரம் உக்காந்திருந்தீங்க. கவனிக்கலயாம்!"

"மூட்டையைக் கொண்டாந்தது நான்" என்று மில்காரன் நடுவில் வந்தான். "திட்டறதுன்னா என்னைத் திட்டு. நான் விசாரிச்சு வாங்கியிருக்கணும்."

"உங்களைத் திட்டி முடிச்சாச்சு. நீங்க முட்டாள்தனமா கொண்டாந்தீங்க. தெரியாமப் பண்ணினீங்க. பத்தவெச்ச உடனேயே அதைத் தூக்கி வெளிய கொட்டியிருப்பாங்க யாரா இருந்தாலும். இவங்க கொட்டல. ஏன் கொட்டல?"

பைப்படியில் வானொலி சொன்னது தையல்காரிக்குள் பதினொரு நாளாகப் புழுவாக நெளிந்துகொண்டிருந்தது. தனக்கொரு பிள்ளை இல்லாதவ, புருஷனும் விட்டுட்டுப் போனவ, மனசு எப்படி இருக்கும்னு யாரு கண்டா, பாத்து நடந்துக்கோம்மா. அதை அவள் நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தே தூங்க வைப்பதைப் பார்த்திருக்கிறாள். அந்த ஞாபகம் ஒரு பக்கம் இழுக்க, வெங்காயம் நறுக்கிய ஞாபகம் மறுபக்கம் இழுத்தது.

"இப்ப கேஸும் கூடாதுங்கறீங்க. எம்பிள்ளை இந்த வீட்டுக்கு வரக் கூடாதா அண்ணி? அதைத்தான் சொல்றீங்களா?"

சமையல்காரியின் முகம் சுருங்கியது. அடி வாங்கிய முகம். "அப்படிச் சொல்லாதம்மா. அவ என் உசிரு."

"அப்ப அந்தச் சிலிண்டரைத் தொடாதீங்க."

தையல்காரி வாளியைக் காலால் தட்டிவிட்டாள். கணவனும் மனைவியுமாகச் சிலிண்டரை உள்ளே கொண்டுபோனார்கள். சமையல்காரி தடுக்கவில்லை. உதவவும் இல்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மழையில் நனைந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. மில்காரன் நாற்காலி மேல் ஏறி, பதினாறு வருஷப் புகை படிந்த கூரைத் தகரத்தைத் துடைப்பத்தால் சுரண்டினான். கரி சல்லி சல்லியாகக் கொட்டியது. தையல்காரி சுவரைத் துடைத்தாள். ஒரு வாளித் தண்ணீர் கறுப்பாகும், அடுத்த வாளி, அதுவும் கறுப்பாகும். மணி இரண்டரை. மூன்று. மூன்றே கால். தொட்டிலை இடம் மாற்றினாள். மறுபடியும் பழைய இடத்துக்கே மாற்றினாள். மூடியே கிடந்த ஜன்னலைத் திறக்கப் பார்த்தார்கள். அதன் சட்டம் உப்பி இறுகியிருந்தது. மில்காரன் சுத்தியலால் தட்டித் தட்டி நான்கு விரல் இடைவெளி உண்டாக்கினான்.

"போதுமா?"

"அவங்க அளந்தா பாப்பாங்க? இன்னும் தட்டுங்க."

"இன்னும் தட்டினா சுவரு வந்துடும். அப்புறம் காத்துக்குக் குறைச்சலே இருக்காது."

தையல்காரிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே துணியில் துடைத்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பதுக்கு, பத்து நிமிஷம் முன்னதாகவே, நர்ஸ் வந்தார். கட்டையான பெண்மணி. குடையை வாசலிலேயே உதறினார். செருப்பைக் கழற்றினார். கழற்றும்போதே கண் கூரைக்குப் போய்விட்டது.

"சுரண்டினீங்களா? நல்லது. அப்படியே சுண்ணாம்பு அடிச்சுடுங்க. பழைய அடுப்பு எங்க?"

"வெளிய, தார்ப்பாய்க்குக் கீழ" என்றான் மில்காரன்.

"இன்னும் எரியுதா?"

"இன்னைக்குக் கடைசி. நாளையிலேர்ந்து எல்லாம் கேஸ்லதான்."

"நாளையிலேர்ந்து, நாளையிலேர்ந்துன்னு எத்தனை வீட்டுல சொல்றாங்க தெரியுமா? போட்டோவுக்கு ஒரு நாள் கேஸ், மத்த நாளெல்லாம் கட்டை. நான் சொல்லாம கொள்ளாம வருவேன். வாரத்துல ரெண்டு தடவை வருவேன்." அவர் அடுப்பைப் பற்றவைத்தார். நீலத் தீ. ட்யூப் இணைகிற இடத்தில் சோப்பு நுரை தடவினார். குமிழ் வரவில்லை. ஜன்னலின் நான்கு விரல் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த 'ம்'மில் தையல்காரிக்குப் பாதி உயிர் வந்தது.

"பகல்ல பிள்ளைகூட யாரு இருக்கறது?"

மில்காரன் வாசலைப் பார்த்தான். தையல்காரி சுவரைப் பார்த்தாள். ஒரு நொடி. வேறு யாரைச் சொல்ல?

"எங்க அக்கா."

"வரச் சொல்லுங்க."

சமையல்காரி ஈரத்தோடு உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே காலிக் கேரியர்களைத் திருப்பிக் கொடுக்க வந்த கேரியர்காரன் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் வானொலி எட்டிப் பார்த்தாள்.

"இங்க வாங்கம்மா. இதான் முக்கியம், கவனிச்சுக்கங்க" என்று நர்ஸ் தீயை அணைத்தார். பிறகு குமிழை மட்டும் திருகி, பற்றவைக்காமல், இரண்டு மூன்று நொடி விட்டு மூடினார். "இதான் கசிவு. இந்த வாசனை எப்ப வந்தாலும் ஸ்விட்சைத் தொடக் கூடாது, தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடிட்டு, பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய. புரியுதா?"

மில்காரன் முகத்தைச் சுளித்தான். தையல்காரி மூக்கைப் பொத்தினாள். "சீ, அழுகின முட்டை!" என்றாள் வானொலி வாசலிலிருந்தே.

சமையல்காரி மூன்று பேரையும் பார்த்தாள். தானும் மூக்கை மூடிக்கொண்டாள்.

"வருதில்ல?" என்றார் நர்ஸ்.

"வருது."

"இதை மறக்காதீங்க. இந்த அறைக்கு வேற காவல் கிடையாது." நர்ஸ் தொட்டில் பக்கமிருந்த ஸ்டூலில் தாளை விரித்தார். எழுதினார். எழுதிக்கொண்டே, "புகை இல்லை. காற்று வழி சுமார். இணைப்பு சரி" என்று வாய்விட்டுப் படித்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. தொப்பி போட்டுக் கூட்டிட்டுப் போங்க, குளிர் ஆகாது."

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மில்காரன் நர்ஸின் குடையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். பதினொரு நாளில் முதல் தடவையாக அந்த அறையில் எல்லோருக்கும் சேர்த்து மூச்சு வந்தது.

"ஒரு கையெழுத்துதான் பாக்கி" என்று நர்ஸ் தாளின் அடிப்பகுதியைக் காட்டினார். "பகலில் வீட்டில் இருப்பவர். இங்க. கசிவு பத்தி எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, எனக்குப் புரிஞ்சுதுன்னு அர்த்தம்."

தையல்காரி எழுந்து பேனாவை எடுத்து நீட்டினாள். நீட்டும்போது அவள் விரல் அண்ணியின் விரலைத் தொட்டது. தொட்ட விரலை அவள் எடுக்கவில்லை.

"அண்ணி, மத்தியானம் நான் பேசினது... விடுங்க. கையெழுத்துப் போடுங்க. அவ நாளைக்கு வந்துடுவா."

சமையல்காரி குனிந்தாள். பேனா முனை தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளி மெதுவாகப் பெரிதானது.

"பேரு போடத் தெரியும்தானே?" என்றார் நர்ஸ். "தெரியலன்னா மை தர்றேன், ரேகை வைங்க."

"தெரியும்."

"அப்புறம் என்ன யோசனை? எனக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு."

சமையல்காரி வாசலைப் பார்த்தாள். கேரியர்காரன் காலிக் கேரியர்களைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றான். அவன் காதில் விழுந்தால் அது நாளைக் காலைக்குள் துணிக் கம்பெனி முழுக்கப் போய்விடும். வானொலி காதில் விழுந்தால் இன்று மாலைக்குள். அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு காலித் தொட்டிலைப் பார்த்தாள். பேனாவைத் தாள் மேல் வைத்துவிட்டாள்.

"நான் போட மாட்டேன்."

"அண்ணி!"

"அக்கா, மறுபடியும் ஆரம்பிக்காத!"

"நர்ஸம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"வருதுன்னு சொன்னேன்ல. அது."

நர்ஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "எது வருதுன்னு சொன்னது?"

"அந்த வாசனை. இவங்க மூஞ்சியைப் பாத்துட்டுச் சொன்னேன். எனக்கு வரல. எதுவும் வராது. ஏழு வருஷமாச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு, அப்புறம் மொத்தமாப் போச்சு. குழம்பு கொதிக்கறதைக் காதுலதான் பாக்கறேன். வெங்காயம் வதங்கினதைக் கண்ணுல பாக்கறேன். கருகினாத் தெரியாது. ஊசினாத் தெரியாது. சமையல்காரிக்கு மூக்கு செத்துப்போச்சுன்னா யாரும்மா அவ கையால சாப்பிடுவா? அதான் யார்கிட்டயும் சொல்லல. இவன்கிட்டகூடச் சொல்லல."

வாசலில் கேரியர் ஒன்று இன்னொன்றில் மோதிச் சத்தம் கேட்டது.

"இந்த அறையில கேஸ் நிறைஞ்சாலும் நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன் நர்ஸம்மா. பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

அவள் திரும்பினாள். நர்ஸை விட்டு, தம்பியை விட்டு, தையல்காரியை மட்டும் பார்த்தாள்.

"அன்னைக்கும் தெரியலம்மா."